ஏன் மரத்தடியில் நின்றாய் என்று கேட்டவர்களுக்கு

இடி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்த்தால் வலிக்கிறதா என்று கேட்பார்கள், கஞ்சி உள்ளே போனதா என்று கேட்பார்கள். என்னை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. டாக்டர் கேட்டார், போலீஸ்காரர் கேட்டார், பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்த மளிகைக்கடைக்காரர் கேட்டார். தரை துடைக்கிற அம்மாகூட துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"ஏன்யா, இடி இடிக்க சொல்லோ மரத்தாண்ட போய் நிப்பாங்களா? இதுகூடவா தெரியாது உனுக்கு?"

தெரியும். நன்றாகவே தெரியும். பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பனைமரம் இடி விழுந்து கொண்டை கருகி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஏன் நின்றாய் என்பதற்கு ஒரு வாயில் பதில் சொல்ல முடியாது. கட்டிலில் கிடந்தபோது சொல்ல வந்தேன். பாதியில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். இப்போது முழுசாகச் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது, என் மகள் எழுதுகிறாள். நான் திட்டுகிற இடத்தில் பேனாவைத் தூக்கிவிடுகிறாள். தூக்காதே, எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

கீழ்க்கட்டளையைத் தாண்டி அப்போது ஒரு கோல்ப் மைதானம் இருந்தது. பெயர் வேண்டாம். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அங்கே நான் கேடி. கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் படம் மாட்டுகிற கேடி இல்லை. ஆடுகிற சாருடைய பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கிறவன், பந்து எங்கே போய் விழுந்தது என்று கண் வைக்கிறவன், எந்த ஸ்டிக்கை எடுத்துக் கொடுப்பது என்று தெரிந்தவன். அதற்கு முன்னால் பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று விரல் சந்தெல்லாம் வெந்துபோய், சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும். என் பெண்டாட்டி சரோஜாதான் வாயில் ஊட்டுவாள். புல்லில் நடக்கிற வேலை என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து சரோஜாவின் தம்பி தேசிங்கையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆள் ஒல்லி, ஆனால் நாள் முழுக்கச் சுமப்பான். பந்து பார்க்கிற கண் அவனுக்கு இருக்கிற மாதிரி யாருக்கும் கிடையாது.

கேடிகளுக்கு ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் நம்பர் அடித்திருக்கும். காலையில் போனதும் கேடி மாஸ்டரிடம் வில்லையைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் பெஞ்சில் உட்கார வேண்டும். அவர் அதை வரிசையாக ஆணியில் மாட்டுவார். எவன் வில்லை முன்னால் தொங்குகிறதோ அவனுக்குத்தான் முதல் பேக்கு. சண்டை கிடையாது. இந்த வில்லைக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அது ஆஸ்பத்திரிக்கும் வந்தது.

மைதானத்துக்கு நடுவில் ஒரு கட்டடம் உண்டு. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, உள்ளே மொசைக் தரை, ஃபேன், லைட். பாதி ஆட்டம் முடிந்ததும் சார்கள் அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார்கள், முட்டை சாண்ட்விச் சாப்பிடுவார்கள். நாங்கள் அதை டீ வூடு என்போம். எங்களுக்கு டீ பின்பக்க ஜன்னல் வழியாக வரும். உள்ளே கால் வைக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

இன்னொரு சட்டம், பேக்கு நனையக் கூடாது. நல்ல தோல் பேக்கு, வெளிநாட்டிலிருந்து வந்தது. நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், ஸ்டிக்கின் பிடி வழுக்கும். சரி, நனையக் கூடாது என்றால் டீ வூட்டுக்குள் கொண்டுபோய் வைக்கலாமா என்றால், அதுவும் கூடாது. தண்ணீர் சொட்டி மொசைக் அழுக்காகும். ஆகவே மழை வந்தால் சார்கள் உள்ளே ஓடுவார்கள். நாங்கள் எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் பேக்கை அணைத்துக்கொண்டு நிற்போம். சார் கொடுத்துவிட்டுப் போகிற பெரிய குடையை விரித்து, பேக்குக்குப் பிடிப்போம். எங்களுக்கு இல்லை, பேக்குக்கு. எத்தனையோ மழைக்காலம் அப்படி நின்றிருக்கிறோம்.

இப்போது தெரிகிறதா, ஏன் மரத்தடி என்று?

அன்றைக்கு ஆவணி மாசத்து மத்தியானம். காலையிலிருந்து புழுக்கம், இலை ஆடவில்லை. தாம்பரத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி தூரத்தில் உருண்டபோதே தேசிங்கு சொன்னான்.

"சார், இடிக்குது சார். போயிடலாம் சார்."

அன்றைக்கு அவன் தூக்கியது ஜெயக்குமார் சாருடைய பேக்கு. மறைமலை நகர்ப் பக்கம் ஏதோ பாக்டரியில் பெரிய இன்ஜினீயர். நல்ல மனுஷர் என்றுதான் எல்லாரும் சொல்வோம், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். அவர் வானத்தைப் பார்த்தார்.

"அது எங்கேயோ செங்கல்பட்டுல இடிக்குதுப்பா. இந்த ஹோலை முடிச்சிடலாம்."

ஹோல் என்றால் பந்தை உருட்டி விழ வைக்கிற சின்னக் குழி. அந்த ஹோலை முடித்தார். அடுத்ததையும் ஆரம்பித்தார். பெரிய துளியாக நாலு விழுந்த பிறகுதான் டீ வூட்டுக்கு ஓடினார்கள். நாங்கள் மரத்தடிக்கு ஓடினோம். தேசிங்கு அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, பேக்கை முன்னால் நிறுத்தி, குடையை அதன் மேல் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மற்றவர்கள் மரத்தின் மறு ஓரத்தில்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி, அவ்வளவுதான். கண் திறந்தபோது புல்லில் மல்லாந்து கிடக்கிறேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கால் இருக்கிறது, பார்க்கிறேன், ஆனால் அது வேறு யாருடைய காலோ. மரத்தின் பட்டை மேலிருந்து கீழ் வரை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. தேசிங்கு குப்புறக் கிடந்தான். அசைவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. எங்கள் ஆட்கள் அவனிடம் ஓடினார்கள். கிட்டே போனதும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். டீ வூட்டு வாசலில் ஜெயக்குமார் சார் இரண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்துகிறார். என்ன கத்தினார் என்று பிறகுதான் சொன்னார்கள்: "தொடாதீங்க! பாடியில கரண்ட் இருக்கும்! தொடாதீங்க!"

படித்த இன்ஜினீயர் அப்படிச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கும் அதே நினைப்புதான். இடி விழுந்தவன் உடம்பில் கரண்ட் தங்கியிருக்கும், தொட்டவனையும் இழுத்துக்கொள்ளும், மண்ணில் புதைத்தால்தான் அது பூமிக்கு இறங்கும் என்று எங்கள் பக்கத்தில் காலம் காலமாகப் பேச்சு. கோல்ப் மைதானத்தில் மணலுக்கா பஞ்சம்? பந்து மாட்டிக்கொள்வதற்கென்றே பெரிய பெரிய மணல் குழி வெட்டி வைத்திருப்பார்கள், பங்கர் என்று. ஸ்டிக்கு துடைக்கிற துண்டுகளை ஒன்றோடு ஒன்று முடிந்து, தேசிங்கின் கக்கத்தில் கொடுத்து, கை படாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். குழியில் இறக்கி, மணல் பரத்துகிற வாருகோலாலும் கையாலும் மணலை வாரி வாரிக் கழுத்து வரைக்கும் மூடினார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். அழுதுகொண்டே மூடினார்கள். கெடுத்ததும் அதுதான்.

நான் கத்தினேனா என்று தெரியாது. வாய் திறந்தது.

மழை வலுத்தது. குழிக்குள் தண்ணீர் நிரம்பி தேசிங்கின் மோவாய் வரை வந்தது. இனிமேல் மூழ்கிவிடுவான் என்று பயந்து, எங்களில் பெரிய ஆளான பம்மல் ராஜி, "வந்தா என்னோட போவட்டும்" என்று குழிக்குள் குதித்து, பின்னாலிருந்து நெஞ்சோடு கட்டிப்பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தான். அந்த இறுக்கலில் தேசிங்கு ஒரு தரம் விக்கினான், விட்டு விட்டு மூச்சு வந்தது. ராஜிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷாக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

எங்கள் இரண்டு பேரையும் கிளப் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கே கார்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் சார்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். சார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஜெயக்குமார் சார் தன் காரைக் கொடுத்தார். கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சீட்டில் விரிக்கப் பேப்பர் தேடினார்கள். என் மச்சான் தேசிங்கு, ராஜியின் தோளில் வாய் பிளந்து தொங்குகிறான், டிரைவர் கிளப்புக்குள் ஓடி இங்கிலீஷ் பேப்பர் எடுத்துக்கொண்டு வந்து மடிப்புப் பிரித்து விரிக்கிறான். இத்தனை வருஷம் ஆயிற்று, யாராவது பேப்பரை விரிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நர்ஸிங் ஹோமில் தேசிங்கைக் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இங்கே வசதி இல்லை, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே வார்டில் போட்டார்கள். எனக்கு ஜன்னலோரக் கட்டில், அவன் நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரே.

என் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னக் கதை. கால் இரண்டும் நீலம் பாய்ந்து ஐஸாக இருந்தன. சரோஜா சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தபடி காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்னல் அடித்தால் நரம்பு சில மணி நேரம் ஸ்தம்பித்துவிடும், தானாகத் திரும்பும் என்று டாக்டரம்மா சொன்னார். சின்ன வயசு டாக்டர், பொறுமையாகப் பேசுவார். சொன்ன மாதிரியே மறுநாள் கட்டைவிரல் அசைந்தது. இடது காதில் செவிப்பறை கிழிந்துவிட்டது. செவிப்பறை என்றால் காதுக்குள் இருக்கிற மெல்லிய தோல், மேளத்துக்குத் தோல் மாதிரி. நெஞ்சில் வயரை ஒட்டிப் பேப்பரில் கோடு கோடாக எடுத்தார்கள், நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்க்க. முதுகில் சிவப்பாகக் கிளை விட்ட மாதிரி ஒரு கோலம். வார்டே வந்து பார்த்தது. மளிகைக்கடைக்காரர், "வேப்பங்கொத்து மாதிரியே கீதுப்பா, அம்மன் எறங்கிக்குறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் மறைந்துவிட்டது.

தேசிங்கு கதைதான் பெரிசு. அவனுக்கு நெஞ்சு அடித்தது, மூச்சு சரியாக வரவில்லை. தொண்டைக்குள் குழாயை விட்டு, அதன் முனையில் ரப்பர் பலூன் ஒன்றை மாட்டினார்கள். பலூனை அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். தானாக மூச்சு விட வைக்கிற மெஷின் இருந்தது, அதில் வேறு ஆள் இருந்தான். அவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே, என்ன சொல்வது? ஆகவே சொந்தக்காரர்கள்தான் பலூனை அமுக்க வேண்டும். நிறுத்தினால் அவன் போய்விடுவான்.

தேசிங்கின் பெண்டாட்டி விசாலி முதலில் அமுக்கினாள். வந்த புடவையோடு நின்றுகொண்டே அமுக்கினாள். கை மரத்துப்போய் அழ ஆரம்பித்தாள். பிறகு சரோஜா. பொம்பளைகள் இரண்டு பேர் எத்தனை நேரம் தாங்குவார்கள்? மறுநாள் காலை பல்லாவரத்தில் ரயிலேறி எங்கள் கேடிகள் வந்து சேர்ந்தார்கள். கேடி மாஸ்டரும் வந்தார். ஒரு பை நிறைய வில்லை. தேசிங்கு கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் சணல் கட்டி, வில்லைகளை வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டார். முன்னால் தொங்குகிறவன் முதலில் அமுக்க வேண்டும், கை ஓய்ந்ததும் அவன் வில்லை கடைசிக்குப் போகும்.

வார்டு நர்ஸ் கிரேஸ் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "யாருய்யா நீங்கல்லாம்? கட்டில்ல இன்னா மணி கட்டிக்கினு கீறீங்க? கிரிக்கெட் டீமா?"

"கோல்ப்பு, சிஸ்டர்."

"எந்த எழவோ. ஒருத்தர்தான் உள்ள. மத்தவங்க வெளிய. ஏய், தடியா, இப்பிடி அமுக்குனா நுரையீரல் கிழிஞ்சிடும். மெதுவா அமுக்கு, விடு. அமுக்கு, விடு."

ராஜிதான் அந்தத் தடியன். அவனுக்குக் கை அவசரம். கேடி மாஸ்டர் அவன் காதருகே குனிந்து சொன்னார்: "டேய், சார் பந்தடிக்க ஸ்டிக்கைத் தூக்குறாரு பாரு, அந்த நிதானம். தூக்கு... அடி. தூக்கு... அடி." ராஜிக்குப் பிடிபட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அதே கணக்கில் அமுக்கினார்கள். சிஸ்டர் கையில் வாட்ச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அடுத்த நாள் அவரே ராஜிக்கு வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்தார். "தின்னுட்டு அமுக்கு. வெறும் வயித்துல அமுக்குனா நீ வுழுந்துடுவே" என்றார்.

ஒரு நாள் நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அவன் எழுந்திருப்பானா?"

"சொல்ல முடியலய்யா. மூளைக்குக் கொஞ்ச நேரம் காத்து போகல. எவ்வளவு பாதிச்சிருக்குன்னு முழிச்சாத்தான் தெரியும்."

"ஒடம்புல கரண்ட் இன்னும் தங்கிக்குதா?"

அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கரண்ட்டெல்லாம் தங்காது. மின்னல் கண் சிமிட்டுற நேரத்துல உடம்பைத் தாண்டி தரைக்குப் போயிடும். உடனே தொடலாம், ஒண்ணும் ஆகாது. அவருக்கு நெஞ்சு நின்னு மறுபடி தானா ஓடியிருக்கும். மூச்சு மட்டும் சரியாத் திரும்பல. அப்பவே யாராவது வாயில வாய் வெச்சு ஊதியிருந்தா, தேவைப்பட்டா நெஞ்சை அமுக்கியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது. மின்னல் நாலு பேரை அடிச்சா கத்துறவனை விட்டுடுங்க. அவன் மூச்சு விடுறான், அதான் கத்துறான். சத்தமில்லாம கிடக்கிறவன்கிட்டதான் முதல்ல ஓடணும்."

நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மணலை வாரிப் போட்டவன்தான் அங்கே நின்று பலூனை அமுக்கிக்கொண்டிருந்தான். அவனை என்ன சொல்ல? வாசலில் நின்று தொடாதே என்று கத்தினவரை என்ன சொல்ல? இந்த ஒரு விஷயத்தை ஒரு பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லையா? இன்ஜினீயர் காலேஜில்கூடவா சொல்லித்தரவில்லை?

யார் மேல் கோபம் என்பதை கிளப் செக்ரட்டரி வந்து தெளிவாக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் பார்வை நேரம், வார்டு நிறைய ஜனம். கையில் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும். ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"கன்னியப்பா, எப்படி இருக்கே?"

"கீறேன் சார்."

குனிந்து மெதுவாகப் பேசினார். போலீஸில் கேட்பார்கள், கிளப்பு மேல் பழி வரக்கூடாது, நீங்களாகத்தான் மரத்தடிக்குப் போனீர்கள் என்று சொல்லிவிடு, கிளப்பு உங்களைக் கைவிடாது என்றார்.

அவர் உட்கார்ந்தது என் வலது பக்கம். வலது காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

"இன்னா சார்? இடியில காது பூட்ச்சி சார். கொஞ்சம் ஜோரா சொல்லு."

"நீங்களாத்தான் போய் நின்னீங்கன்னு சொல்லிடு."

"இன்னும் கொஞ்சம் ஜோரா சார்."

"நீங்களாத்தான் மரத்தடிக்குப் போனீங்கன்னு சொல்லணும்!" என்று கத்திவிட்டார் மனுஷர். வார்டே திரும்பிப் பார்த்தது. மளிகைக்கடைக்காரர் தலையணையில் கையூன்றி எழுந்து, "கன்னியப்பா, எனக்கே கேட்டுச்சுப்பா. நீயா போய் நின்னியாம், சார் சொல்றாரு" என்றார்.

சரோஜா சாத்துக்குடிப் பையை எடுத்து செக்ரட்டரி மடியிலேயே வைத்தாள். "இவுரு அவுராவே போய் நின்னாரு, சரி சார். பேக்கு எப்பிடி சார் அங்க போச்சு? அதுவும் தானா நடந்து போய் நின்னுச்சா? குடையைத் தானா விரிச்சிக்கிச்சா?"

யாரோ சிரித்தார்கள். செக்ரட்டரி முகம் சிவந்துவிட்டது. "அம்மா, போர்டு வெச்சிருக்கோம். இடி இடிச்சா மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு தெளிவா போர்டு இருக்கு."

"எங்க சார்?" என்றேன்.

"கிளப் ஹவுஸ்ல."

"கிளப் ஹவுஸ்ல எங்க?"

"பார் கவுண்ட்டர் பக்கத்துல."

"இன்னா பாஷைல?"

அவர் எழுந்து கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தரை துடைக்கிற அம்மா வாளியோடு குறுக்கே நின்று, "ஈரமா கீது, வழுக்கும், பாத்துப் போ சார்" என்றது. என்னிடம் மரத்தடியைப் பற்றி முதல் நாள் கேட்டது அந்த அம்மாதான். அதற்கப்புறம் கேட்கவில்லை.

தேசிங்கு மெல்ல மெல்லத் தானாக மூச்சு இழுக்க ஆரம்பித்தான். முதலில் பலூனோடு சேர்ந்து, பிறகு பலூனை முந்திக்கொண்டு. ஒரு நாள் டாக்டரம்மா அமுக்குவதை நிறுத்தச் சொன்னார். ராஜி கையை எடுக்கவே மாட்டேன் என்றான். சிஸ்டர் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். நாங்கள் எல்லாரும் தேசிங்கின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. விசாலி கட்டில் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழாயை எடுத்த மறுநாள் கண் திறந்தான். எங்களைப் பார்க்கிறான், அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. விசாலி, "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லு" என்று கன்னத்தைத் தடவினாள். நான் பிடித்துக்கொண்டு நடந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன். உதடு அசைந்தது. தொண்டை கட்டி, காற்று மாதிரிதான் வந்தது. நல்ல காதை அவன் வாயருகே வைத்தேன்.

"மாமா... பேக்கு நனைஞ்சிடிச்சா?"

எனக்கு அழுகை வரவில்லை. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பேச்சு வருகிறது, ஞாபகம் இருக்கிறது என்று. விசாலி சாமிக்கு வேண்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் கோபம்தான் வந்தது. செத்துப் பிழைத்தவன் முதல் வார்த்தையாகப் பெண்டாட்டி பேரைச் சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவன் மண்டைக்குள் எதை ஏற்றி வைத்திருக்கிறார்கள்! ஏற்றி வைத்த கூட்டத்தில் நீயும்தானே நின்றாய் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வேலைக்குப் போகிறவன் வேலைச் சட்டத்துக்குத்தான் நிற்பான். சட்டம் போட்டவன் எங்கே நின்றான்? கான்கிரீட் கூரைக்குக் கீழே.

"நனையல. நீ தூங்கு" என்றேன்.

ஒரு வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். தேசிங்குக்கு வலது கை பிடிமானம் வரவில்லை, பேச்சு நின்று நின்று வரும், பேரெல்லாம் மறந்துபோகும். டாக்டரம்மா என்னிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்: இடி காதில் விழுந்தாலே மின்னல் உன்னை எட்டும் தூரத்தில் இருக்கிறது, மழை வரட்டும் என்று காத்திருக்காதே. மரத்தடி வேண்டாம், வெட்டவெளி வேண்டாம், நாலு கம்பு நட்ட கொட்டகையும் வேண்டாம். சுவரும் கூரையும் உள்ள நல்ல கட்டடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் வெளியே வராதே.

மறுபடி வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்ய? போனால், டீ வூட்டுக்கு எதிரே வானம் தெரிகிறது. தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டார்கள். கமிட்டி கூடி முடிவு செய்ததாம். மரம் இருந்தால்தானே மரத்தடியில் நிற்பான்?

சிரிக்காதீர்கள். படித்த பத்துப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, அதைத்தான் செய்தார்கள். டீ வூட்டுக் கதவைத் திறந்துவிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மறுபடி கறுத்தது. அன்றைக்கு என் தோளில் ஜெயக்குமார் சாருடைய பேக்கு, அதே பேக்குதான். ஒரு கீறல் இல்லை அதில். முதல் இடி கேட்டது. சார்கள் இந்தத் தடவை இரண்டாவது இடிக்குக் காத்திருக்கவில்லை, ஓடினார்கள். ஜெயக்குமார் சார் குடையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். நாங்கள் வெட்டவெளியில் நின்றோம், ஆளுக்கு ஒரு கட்டு இரும்பு ஸ்டிக்கைத் தோளில் சுமந்துகொண்டு. ராஜி என்னைப் பார்த்தான். "இன்னாண்ணா பண்றது?"

நான் பேக்கைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் படுக்க வைத்தேன். குடையை விரிக்காமல் பக்கத்தில் போட்டேன். டீ வூட்டை நோக்கி நடந்தேன். கால் சரியாக வராத காலம், நிதானமாகத்தான் நடந்தேன். முன்வாசல் வழியாக ஏறி, மொசைக் தரையில் சேற்றுக் காலை வைத்து, அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜெயக்குமார் சார் கையில் டீ கப்பு. "கன்னியப்பா! என்னப்பா இது? உள்ள வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"பேக் எங்கே?"

"வெளிய கீது சார்."

"மழை வந்துடுச்சேப்பா! நனையுது!"

"நனையட்டும் சார். அதுக்கு இன்னா, பொண்டாட்டி கீதா, புள்ள கீதா?"

எனக்குப் பின்னால் ராஜி வந்தான். பிறகு ஒவ்வொருத்தனாக மற்றவர்கள். வில்லை வரிசை இல்லை, முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். ஈரத் துணியும் சேறும் அந்த ரூம் முழுக்க நாறியது. ஜன்னல் வழியாக எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம், சார்களும் நாங்களும். புல் மேல் பேக்குகள் வரிசையாகக் கிடந்தன. மழை அவற்றின் மேல் கொட்டியது. அப்போது ஒரு இடி விழுந்தது, கட்டடமே அதிர்ந்தது. ஜெயக்குமார் சார் டீ கப்பைக் கீழே வைத்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், ராஜிக்கு இடம் விட்டு.

மறுநாள் என் வில்லையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். மற்றவர்களை எடுக்க முடியவில்லை. அத்தனை பேரையும் எடுத்தால் யார் சுமப்பது? அதற்கப்புறம் இடி இடித்தால் டீ வூட்டில் யாரும் யாரையும் தடுப்பதில்லை என்று ராஜி வந்து சொன்னான். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே போட்ட சட்டம்தானே, எழுதாமலே போயிற்று.

நான் சொல்ல வந்தது இன்னும் ஒன்று பாக்கி. டீ வூட்டில் உட்கார்ந்த அன்றைக்கு, கடைசி இடி அடங்கி அரை மணி நேரம் கழித்து, ஈரத் துணியோடு நேராக தேசிங்கு வீட்டுக்குப் போனேன். நான் உள்ளே நுழையவும் வானம் மறுபடி உறும ஆரம்பித்தது. இடி கேட்டால் அவனுக்கு உடம்பு நடுங்கும், அப்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பான். பாயில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். விசாலி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைக் கோணி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கேட்டான்.

"மாமா, பேக்கு நனைஞ்சிடிச்சா?"

"நனைஞ்சிடுச்சுடா. நல்லா ஊறிடுச்சு."

இடது கையை நீட்டி என் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"குடை?"

"விரிக்கவே இல்ல."

சிரிப்பு அவனுக்கு ஒரு பக்கமாகத்தான் வரும். அது வந்தது.